ரஷ்யால நிலம் சும்மாவா கிடக்கு?

சார் வணக்கம். நேத்து மேப்ல ரஷ்யாவ பாத்துட்டே இருந்தேன். 1.7 கோடி சதுர கிலோமீட்டர், எண்ணெய், கேஸ், வைரம், நிக்கல், அத்தனை ஆறு. ஆனா ஜனங்க முக்கால்வாசி பேர் யூரல் மலைக்கு மேற்கயே அடைஞ்சு கிடக்காங்க. சைபீரியால சும்மா கிடக்குற நிலத்துல போய் குடியேறினா என்னவாம்?

தம்பி,

"சும்மா கிடக்குற நிலம்"னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அந்த நாட்டுல பாதிக்கு மேல தரைக்கு அடியில வருஷம் பூரா உறைஞ்சே கிடக்கும். சைபீரியால லேனா ஆத்தோரம் இருக்குற யாகுட்ஸ்க் ஊர்ல ஷெர்கின்னு ஒரு ஆளு தண்ணிக்காக 1828ல கிணறு தோண்ட ஆரம்பிச்சாரு, 1837 வரைக்கும் தோண்டி 116 மீட்டர் போயாச்சு, அப்பவும் மண்ணு உறைஞ்சுதான் இருந்துச்சு. மனுஷனுக்கு என்ன பொறுமை! அங்க வீட்ட நேரா தரையில வச்சு கட்ட முடியாது, வீட்டுச் சூடே அடியில உள்ள ஐஸை உருக்கி சுவரை சாய்ச்சுடும், அதனால தூண் இறக்கி மேல தூக்கி கட்டுறாங்க.

ஆறும் அப்படித்தான். ஓப், யெனிசெய், லேனா மூணுமே வடக்க ஓடி ஆர்க்டிக்ல போய் விழுது. குளிர் முடியுறப்ப தெக்க ஐஸ் உருகி தண்ணி கிளம்பிடும், வடக்க இன்னும் கெட்டியா இருக்கும், தண்ணி போக வழியில்லாம ஊருக்குள்ள ஏறும். 2001 மே மாசம் லென்ஸ்க் ஊர் முங்கினப்ப ஐஸை உடைக்க விமானத்துல இருந்து குண்டு போட்டாங்க, நிஜமாத்தான். இந்த ஆத்துத் தண்ணிய மத்திய ஆசியா பக்கம் திருப்புறேன்னு சோவியத் காலத்துல ஒரு பிளான் வேற இருந்துச்சு, 1986ல கைவிட்டாங்க, நல்லவேளை.

நிக்கல் கேட்டீங்கல்ல, நிக்கல் எடுக்குற நோரில்ஸ்க் ஊர்ல 2020 மே 29 அன்னிக்கு டேங்க் ஒண்ணு உடைஞ்சு சுமார் 21,000 டன் டீசல் கொட்டிருச்சு, அம்பர்நயா ஆறு செவப்பா ஓடுச்சு. உறைஞ்ச மண்ணு இளகினதுதான் காரணம்னு கம்பெனி சொல்லுச்சு, கட்டுனதும் சரியில்ல பராமரிப்பும் சரியில்லன்னு அரசாங்க ஆய்வுல வந்துச்சு. என்னைக் கேட்டா மண்ணு இளகும்னு தெரிஞ்ச இடத்துல டேங்கை ஒழுங்கா பாத்துக்காதவன் மண்ணு மேல பழி போடக்கூடாது.

குடியேறணும்னா யாகுட்ஸ்க்கே போய்ப் பாருங்க. ரயில் லேனாவுக்கு எதிர்க்கரையோட நின்னுடும், பாலம் இப்பதான் கட்டுறாங்க. கோடைல படகு, குளிர்காலத்துல உறைஞ்ச ஆத்து மேலயே லாரி ஓட்டுவாங்க. நடுவுல ஐஸ் பாதி உருகி பாதி மிதக்குற வாரங்கள்ல ரெண்டும் கிடையாது.