பூட் செக்டாரில் ஒரு பைட் நகர்ந்துவிட்டது: குற்றம் அசெம்பிளர் மேலா?

கேள்வி: பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு எம்பெடெட் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நாஸம் (அசெம்ப்ளி மொழியை இயந்திரக் குறியீடாக மாற்றும் அசெம்பிளர்) 0.98 காலத்தில் யாரோ எழுதிவைத்த பூட் செக்டார் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஃபாட் என்ற கோப்பு முறைமை கொண்ட வட்டின் முதல் 512 பைட் அது. உபுண்டு 24.04 போட்டதும் நாஸம் 2.16.01 வந்தது. எந்தப் பிழையும் காட்டாமல் அசெம்பிள் ஆகிறது, 512 பைட்டும் சரியாக இருக்கிறது, பயாஸிலும் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) ஓடுகிறது. ஆனால் அந்த இமேஜை (வட்டின் நகலான கோப்பு) லினக்ஸ் மவுண்ட் செய்ய, அதாவது வட்டாகத் திறக்க, மறுக்கிறது. நாஸம் சோர்ஸை எடுத்து, கட்டளை அட்டவணை உள்ள இன்ஸ்ன்ஸ்ஏ.சி கோப்பில் ஜம்ப் வரிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். அடுத்த பில்டில் என் திருத்தத்தையே காணோம். இது நாஸம் பிழையா? பிழை என்றால் பேட்ச் (திருத்தம்) அனுப்புவது எப்படி?

பதில்: நாஸத்தில் பிழை இல்லை. உங்கள் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். ‘ஜம்ப் ஸ்டார்ட்’ என்று மட்டும் எழுதி, அடுத்த வரியிலேயே ஓஇஎம் பெயர் தொடங்கியிருக்கும். ஃபாட் அமைப்பில் அந்தப் பெயர் 3-வது ஆஃப்செட்டில் (பூஜ்யத்திலிருந்து எண்ணும் பைட் இடம்) இருந்தாக வேண்டும். 0.98 காலத்து நாஸம் சொல்லாமல் எதையும் சுருக்காது. 16 பிட்டில் ஜம்ப்புக்கு 3 பைட் எடுத்துக்கொண்டது, கணக்கும் தற்செயலாகப் பொருந்தியது. 2.09 முதல் முழு ஆப்டிமைசேஷன், அதாவது முடிந்த இடமெல்லாம் சுருக்குவதுதான் இயல்புநிலை. போகவேண்டிய இடம் 127 பைட்டுக்குள் இருந்தால் அதே வரி 2 பைட்டாகிவிடும். பின்னால் உள்ள எல்லாம் ஒரு பைட் முன்னே வரும்.

விளைவை 11-வது ஆஃப்செட்டில் நேராகவே பார்க்கலாம். செக்டார் அளவு 512 என்பது 00, 02 என்று இரண்டு பைட்டாக உட்கார்ந்திருக்கும். ஒரு பைட் நகர்ந்ததும் 11-ல் 02, 12-ல் கிளஸ்டருக்கு (ஃபாட் இடம் ஒதுக்கும் அலகு) எத்தனை செக்டார் என்ற எண், அதாவது 01. லினக்ஸ் அதைப் படித்தால் 258 வரும் (சிறிய பைட் முதலில்: 2 + 1×256). 258 பைட் செக்டார் எங்கே இருக்கிறது? பயாஸுக்கு இந்தக் கவலை இல்லை. கடைசியில் 55, ஏஏ இருந்தால் ஓட்டிவிடும். உங்கள் குறியீடும் லேபிள் (இடத்துக்கு வைத்த பெயர்) வழியாகவே படிப்பதால் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ‘டைம்ஸ் 510’ வரி குறைந்த ஒரு பைட்டைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடுவதால் மொத்த அளவும் மாறாது. இதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

திருத்தம் இரண்டே சொல்: ‘ஜம்ப் ஷார்ட் ஸ்டார்ட்’ என்று எழுதி, அடுத்த வரியில் ஒரு ‘நாப்’ (எதுவும் செய்யாத ஒரு பைட் கட்டளை, 90) போடுங்கள். மூன்று பைட், எந்தப் பதிப்பிலும். அவசரத்துக்கு மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் உள்ள கோப்பு) ‘-ஓ0’ (பெரிய ஓ, பிறகு பூஜ்யம்) கொடுத்தும் பழைய பைட்டுகளை வரவழைக்கலாம். ஆனால் காரணம் தெரியாத அடுத்த ஆள் அதை எடுத்துவிடுவார், தொல்லை திரும்ப வரும். எது மாறியது என்று சந்தேகம் வந்தால் ‘-எல்’ கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் வந்த பைட்டுகளைக் காட்டும் லிஸ்டிங் கோப்பு எடுத்துப் பழையதையும் புதியதையும் டிஃப் போடுங்கள். முதல் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் அதன் நிழல்.

இனி உங்கள் காணாமல்போன திருத்தம். இன்ஸ்ன்ஸ்ஏ.சி மனிதர் எழுதிய கோப்பு அல்ல. 2.16 வரிசையில் எக்ஸ்86 அடைவில் உள்ள இன்ஸ்ன்ஸ்.டாட்டிலிருந்து ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் அதை உருவாக்குகிறது. கைவைக்காதே என்று கோப்பின் தலையிலேயே எழுதியிருக்கும். இன்ஸ்ன்ஸ்.டாட்டில் ஒவ்வொரு வரியிலும் கட்டளையின் பெயர், ஆபரண்ட்கள் (கட்டளை கையாளும் மதிப்புகள்), பைட் வடிவம், கொடிகள் என நான்கு பகுதி. வரிசை முக்கியம், ஏனென்றால் மேலிருந்து பார்த்து முதலில் பொருந்துவதையே நாஸம் எடுக்கும். எதிர்பார்த்ததைவிட நீளமான என்கோடிங் வந்தால் அங்கே பாருங்கள். ஆனால் ஜம்ப்பின் நீளம் அட்டவணையோடு முடிவதில்லை. ஒரு ஜம்ப் சுருங்கினால் லேபிள்கள் நகரும், அதனால் இன்னொன்று சுருங்கலாம். நிலைக்கும்வரை நாஸம் திரும்பத் திரும்ப ஓடும். அந்தத் தீர்ப்பு ஏஎஸ்எம் அடைவில் அசெம்பிள்.சி கோப்பில் நடக்கிறது.

நாஸத்தைக் கிட்டிலிருந்து (மாற்ற வரலாற்றோடு குறியீடு இருக்கும் களஞ்சியம்) கட்டும்போது முதலில் ஆட்டோஜென்.எஸ்ஹெச், பிறகு கான்ஃபிகர், மேக். பெர்ல் கட்டாயம் வேண்டும். வெளியீட்டு டார் கோப்பில் உருவாக்கப்பட்ட கோப்புகளும் சேர்ந்தே வருவதால் அங்கே இந்தத் தேவை தெரியாது. மேன் பக்கம் (கையேட்டுப் பக்கம்) இல்லை என்று ‘மேக் இன்ஸ்டால்’ நின்றால் ஆஸ்கிடாக், எக்ஸ்எம்எல்டூ இரண்டையும் நிறுவுங்கள்.

நாளைக்கு நிஜமான பிழையே கிடைத்தால், முதலில் கோப்பை ஐந்தாறு வரிக்குச் சுருக்குங்கள். ஒப்பிடும்போது ‘-எஃப் பின்’ வெளியீட்டை (வெறும் பைட்டுகள் மட்டும்) பயன்படுத்துங்கள். வேறு சில வெளியீட்டு வடிவங்களில் நாஸம் தன் பதிப்பு எண்ணை எழுதிவைக்கும், எனவே குறியீடு ஒன்றாக இருந்தாலும் இரு பதிப்புகளின் கோப்புகள் ஒன்றாக இராமல் போகலாம். 2.15 முதல் உள்ள ‘--ரீப்ரொடியூசிபிள்’ விருப்பம் பதிப்பு எண், நேரம் போன்றவற்றை விட்டுவிடும்.

அடுத்து கிட் பைசெக்ட். கமிட்களை (பதிவான மாற்றங்களை) பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, பிழை நுழைந்த கமிட்டை அது கண்டுபிடிக்கும். நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் 500 கமிட் இருந்தாலும் 9 முயற்சியில் முடிந்துவிடும். ஸ்கிரிப்ட் சரியென்றால் 0, தவறென்றால் 1, பில்டே ஆகாவிட்டால் 125 திருப்ப வேண்டும். பலர் தடுக்கி விழுவது 125-ஐ மறந்துதான்: பில்ட் உடைந்த கமிட் ‘கெட்டது’ என்று பதிவாகி, சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் பழி விழும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் ‘கிட் க்ளீன் -எக்ஸ்எஃப்டி’ கொடுத்து முந்தைய பில்டில் உருவான அட்டவணைகளைத் துடைத்துவிடுங்கள். கிட்டில் சேர்க்காத சோதனைக் கோப்புகளும் அதில் போய்விடும், எனவே அவற்றை வேறு அடைவில் வையுங்கள்.

பேட்சில் ஒரு மாற்றம் மட்டும் இருக்கட்டும். இடைவெளி திருத்தத்தை அதோடு கலந்தால் படிப்பவர் பொறுமை இழப்பார். கமிட் செய்தியில் என்ன எழுதினோம், என்ன பைட் வந்தது, இன்டெல் கையேட்டின் 2-ம் தொகுதிப்படி என்ன வரவேண்டும் என்ற மூன்றும் போதும். கூடவே நாஸம் சோர்ஸில் சோதனைகள் இருக்கும் டிராவிஸ் அடைவில் ஒரு சோதனையும் சேருங்கள்: சிறிய அசெம்ப்ளி கோப்பு, ஜேசான் விளக்கம், எதிர்பார்க்கும் வெளியீடு. திருத்தத்துக்கு முன் அந்தச் சோதனை தோற்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் தேறுகிற சோதனை எதையும் காக்காது.

அனுப்பும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் புரட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதும் குறியீடு எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற வரி அதில் இருந்தால், மேலாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நாஸம் 2.07 முதல் இரண்டு பிரிவு பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது என்று சொன்னால் சட்டப் பிரிவுக்குப் பாதி வேலை குறையும். அதுவரை பேட்சை உள்ளேயே வைத்திருக்க வேண்டுமென்றால் வெளியீட்டு டேக்கின் (பதிப்பைக் குறிக்கும் கிட் அடையாளம்) மேல் தனிக் கிளையாக வையுங்கள். புதுப் பதிப்பு வரும்போது அதன்மேல் ரீபேஸ் செய்தால், அதாவது உங்கள் மாற்றங்களை அதன்மேல் மறுபடி வைத்தால் போதும்.