கேள்வி–பதில்: அரசின் குறியில் பால்புதுமையினர் அமைப்புகள்

கே: பால்புதுமையினர் (எல்ஜிபிடி) அமைப்பை முடக்க நினைக்கும் அரசு முதலில் எதில் கைவைக்கும்?

ப: பதிவில். உகாண்டாவில் 'செக்சுவல் மைனாரிட்டீஸ் உகாண்டா' என்ற பால்புதுமையினர் அமைப்பு 2012-இல் பதிவுக்குப் போனபோது, அந்தப் பெயரையே ஏற்க முடியாது என்றார்கள். 2022 ஆகஸ்டில், பதிவில்லாமல் இயங்குவதாகச் சொல்லி அதை நிறுத்தினார்கள். மறுத்ததும் அரசு, மறுப்பைக் காரணம் காட்டியதும் அரசு. அடுத்தது பணம்: ரஷ்யாவில் 2012-இல் வந்த 'அந்நிய முகவர்' சட்டம் வெளிநாட்டு நிதியைக் காட்டியே அமைப்புகளை முத்திரை குத்தியது.

கே: ரஷ்யா தடைசெய்த 'சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்' என்றொரு அமைப்பே இல்லையாமே?

ப: இல்லை. அதுதான் அந்தத் தீர்ப்பின் பயங்கரம். 2023 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் மூடிய அறையில், எதிர்த்தரப்பே இல்லாமல், அதைத் தீவிரவாத இயக்கம் என்றது. உறுப்பினர் பட்டியல் இல்லாத இயக்கத்தில் யாரையும் உறுப்பினர் ஆக்கிவிடலாம். பால்புதுமையினரின் அடையாளமான வானவில் நிறத்தைக் காட்டினால் 15 நாள் வரை காவல். மறுமுறை குற்ற வழக்கு, 4 ஆண்டு வரை சிறை. 2024 ஜனவரியில் நிஷ்னி நோவ்கரத் நகரில் வானவில் நிறத் தோடு அணிந்த பெண்ணுக்கு 5 நாள் காவல் கிடைத்தது. சமூக ஊடகத்தில் எப்போதோ போட்ட பதிவில் வானவில் கொடி இருந்தாலும் சிக்கல்தான்.

கே: ஊர்வலத்துக்குத் தடை வந்தால் வழியே இல்லையா?

ப: ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் தடையை மீறி 2025 ஜூன் 28 அன்று ஊர்வலம் நடந்தது. 2 லட்சம் ஃபோரின்ட் வரை அபராதம், முகத்தை அடையாளம் காணும் கேமரா என்று மிரட்டல்கள் இருந்தும், மேயர் கராச்சோனி அதை மாநகராட்சி விழாவாக அறிவித்தார். மக்கள் பெருந்திரளாக வந்தார்கள். மத்திய அரசுக்குக் கட்டுப்படாத மேயர் இருந்ததால் முடிந்தது. மாஸ்கோவில் இதை முயலச் சொல்ல மாட்டோம்.

கே: குழு நடத்துபவர்கள் கைப்பேசியில் என்ன கவனிக்க வேண்டும்?

ப: ஒருவர் போன் சிக்கினால் குழுவில் எல்லாரும் சிக்குவார்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். விரல்ரேகை, முகத்தால் திறக்கும் வசதி இரண்டையும் நிறுத்தி நீண்ட கடவுச்சொல் வையுங்கள். சோதனை வரும் என்று தெரிந்தால் போனை முழுதாக அணைத்துவிடுங்கள். டெலிகிராமின் சாதாரண உரையாடலுக்கு முழு மறையாக்கம் (பேசுபவர்கள் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) கிடையாது. 'ரகசிய உரையாடல்' இருவருக்கு மட்டும்தான், குழுவுக்கு இல்லை. சிக்னல் செயலியில் செய்திகள் தானாக அழியும்படி நேரம் வையுங்கள். அழித்தும் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: கிளவுடில் கிடக்கும் நகல், செயலியின் கணக்கிலிருந்து நீக்க மறந்த மடிக்கணினி இணைப்பு. தொடர்புப் பட்டியலில் முழுப்பெயர் வேண்டாம். கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர், எண்ணை நன்கொடையாளர் கேட்டாலும் எழுதிவைக்காதீர்கள். தலை எண்ணிக்கை போதும் என்று ஒப்பந்தத்திலேயே பேசிவிடுங்கள். படம் வெளியிட்டே ஆகவேண்டுமென்றால் முகத்தை மங்கலாக்குவது போதாது, கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள். பச்சை குத்திய கை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடைப்பலகை இரண்டையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.