மழைக்கு முன் கேட்க வேண்டியவை: ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர் பதில்கள்

வணக்கம். மலை ஊர் நகராட்சிகளில் 31 வருஷம் பணி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஆறு வருஷம் வரி வசூல் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். நீலகிரிக்காரர்கள் யாரும் கேட்கலாம். ஐப்பசி மழை நெருங்கிவிட்டதால் சுவர், வடிகால், மண் பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

கேள்வி (குன்னூர்): சார், சொத்து வரிக்குத் தள்ளுபடி எந்தத் தேதி வரை?

பதில்: அக்டோபர் 30 வரை. இரண்டாம் அரையாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். முதல் அரையாண்டுக்கு இதே கணக்கில் ஏப்ரல் 30. நிலுவையில் விழுந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். நகராட்சி, பேரூராட்சி இரண்டுக்கும் இது பொருந்தும். ஊராட்சி வீட்டு வரி வேறு. ரசீது கைக்கு வந்ததும் வரிவிதிப்பு எண், பெயர், அரையாண்டு மூன்றையும் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் படித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கணக்கில் பணம் ஏறிப்போய், அதை மாற்ற நாலு தடவை படியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (அருவங்காடு): அப்பா போன வருஷம் காலமாகிவிட்டார். வரி இன்னும் அவர் பெயரில் வருகிறது. நான் கட்டிக்கொண்டே இருந்தால் வீடு என் பெயருக்கு வந்துவிடுமா?

பதில்: வராது, தம்பி. வரி ரசீது உங்கள் பெயரில் இருந்தாலும் அது உரிமைப் பத்திரம் ஆகாது. அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று, மூலப் பத்திர நகல், கடைசியாகக் கட்டிய ரசீது எல்லாவற்றையும் வைத்துப் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்கள். அக்கா, தங்கை இருந்து, உங்கள் ஒருவர் பெயருக்கு மட்டும் வேண்டுமென்றால் அவர்கள் தங்கள் பங்கை விட்டுத் தரும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும். பட்டா மாற்றம் தனி. அது தாலுகா அலுவலகத்தில். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக மாறிவிடும் என்று நினைத்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

கேள்வி (வெலிங்டன்): எங்கள் வீட்டு வரிக்கும் அதே 5 சதவீதம்தானா?

பதில்: உங்கள் இடம் கன்டோன்மென்ட் (ராணுவப் பகுதி) எல்லைக்குள் என்றால் கன்டோன்மென்ட் போர்டில்தான் கேட்க வேண்டும்.

கேள்வி (கேத்தி பக்கம், ஒரு வாசகி): அண்ணா, வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரத் தடுப்புச் சுவர். மேல் வீட்டுக் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரே பைப்பில் வந்து சுவருக்குப் பின்னால் மண்ணில் கொட்டுகிறது. போன வாரம் சுவர் நடுவில் ஒரு கோடு தெரிகிறது. யாரிடம் புகார் செய்வது?

பதில்: புகாரைப் பிறகு பார்ப்போம் அம்மா. முதலில் சுவரைப் பாருங்கள். விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி இழுபடாது, உடையும். உடைந்த அன்று இரவு அந்தப் பக்க அறையில் யாரும் படுக்கக் கூடாது.

அடுத்து, சுவரில் வரிசையாகச் சின்னக் குழாய்த் துண்டுகள் வைத்திருப்பார்கள். வீப் ஹோல் என்போம். மழையில் அதில் தண்ணீர் சொட்டினால் சுவர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். செம்மண் தண்ணீர் வழிந்து பெயின்ட் கெடுகிறதென்று அதைப் பூசி அடைத்துவிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி அடைத்த ஒரு சுவரைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். காலையில் போனேன். சுவரின் இடுப்பு உயரத்தில் வயிறு மாதிரி ஒரு வீக்கம், அதற்குக் கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஈரமில்லாததால் பயமில்லை என்று நானே அந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாயங்காலம் சுவர் சரிந்தது. எல்லோரும் வெளியே இருந்ததால் உயிர் பிழைத்தார்கள். பின்பக்கம் அவ்வளவு தண்ணீர் தேங்கி நின்றபோது முன்பக்கம் காய்ந்து கிடந்ததுதான் ஆபத்து என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. உங்கள் சுவரில் துளை அடைந்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். வெயில் நாளில், பக்கவாட்டில் நின்று.

ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தாலோ, நேற்று வரை சாத்திய கதவு இன்று பிடித்துக்கொண்டாலோ, முற்றத்தில் புது வெடிப்பு தெரிந்தாலோ வெளியே வந்துவிட்டு 1077-க்குப் பேசுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை அது. புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதற்கு முன் மேல் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

கேள்வி (மேல் வீட்டுக்காரர்): அந்த மேல் வீடு நான்தான். என் பட்டா நிலத்தில் விழும் மழையை நான் எங்கே கொண்டுபோக முடியும்? தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். சுவரை ஒழுங்காகக் கட்டாதது அவர்கள் தப்பு.

பதில்: நீங்களே வந்து எழுதியது நல்லது, ஐயா. ஒரு கணக்குப் போடுவோம். 800 சதுர அடிக் கூரை, ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் மழை: சுமார் 7,400 லிட்டர். 6,000 லிட்டர் பிடிக்கும் சின்னத் தண்ணீர் லாரி ஒன்றை முழுதாகத் திறந்துவிட்டாலும் அதைவிடக் குறைவு. வீடு கட்டுவதற்கு முன்பும் அதே மழை பெய்தது, ஆனால் புல்லிலும் வேரிலும் பரவி இறங்கியது. இன்று நாலு அங்குலக் குழாய் ஒன்று அத்தனையையும் ஒரே புள்ளியில் ஊற்றுகிறது. இது மழையின் பாதை இல்லை, உங்கள் பைப்பின் பாதை.

1978, 1993, 2009 மூன்று பெரிய மண்சரிவும் நவம்பரில்தான் வந்தன. 1993-ல் மரப்பாலம் என்ற இடத்தில் சரிந்தது. 2009-ல் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்து போனார்கள், கேத்தியும் அதில் அடி வாங்கிய இடம். முப்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் முடியாது.

கேள்வி (கோத்தகிரி): மேல் வீட்டுக்காரர் சொல்வதுதான் நியாயம். ஓடையை மறித்துக் கட்டியவர்களை விட்டுவிட்டு ஒரு பைப்புக்காரரைப் பிடிக்கிறீர்கள். பேசாமல் பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டி, கான்கிரீட் சுவர் எழுப்பினால் பிரச்சனை தீர்ந்தது.

பதில்: ஓடையை மறிப்பது பைப்பைவிடப் பெரிய குற்றம், அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வீடு இடித்த கல்லையும் மண்ணையும் ஓடையில் தள்ளுகிறவர்களையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆனால் பொக்லைன் யோசனை வேண்டவே வேண்டாம். இந்த மாவட்டத்தில் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்கக் கூடாது, போர்வெல்லும் போடக் கூடாது. சட்டத்தை விடுங்கள், ஈர மண்ணில் சரிவின் அடிப்பகுதியை வெட்டினால் மேலே இருக்கிற எல்லாம் கீழே வரும். தடுப்புச் சுவர் வேலை தை பிறந்த பிறகு.

கேள்வி (குன்னூர்): வரித் தள்ளுபடி எப்போது வரை சார்?

பதில்: அக்டோபர் 30. முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

கேள்வி (கேத்தி பக்கம், அதே வாசகி): அண்ணா, சுவருக்கு மேலே அவர் இடத்தில் பெரிய கற்பூர மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. மழைக்கு முன் வெட்டிவிடலாமா?

பதில்: ஆள் வைத்து நீங்களாக வெட்டாதீர்கள். 1955-ஆம் வருஷ மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். ஆபத்தான மரம் என்று வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) மனு எழுதி, சாய்வும் வேரும் தெரிகிற மாதிரி போட்டோ வையுங்கள். மனுவில் மேல் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டால் வேகமாக நகரும். அனுமதி கிடைத்தாலும் அடிக்கட்டையைப் பிடுங்காதீர்கள், அந்த வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது. கிளை மின்கம்பியில் உரசினால் அது மின்வாரியத்தின் வேலை: 94987 94987.

கேள்வி (குன்னூர், மாடல் ஹவுஸ்): குப்பையை ராத்திரியே வாசலில் வைத்தால் என்ன? காலையில் வேலைக்கு ஓட வேண்டும்.

பதில்: கரடி வரும், காட்டெருமை வரும். மிச்சச் சோற்றின் ருசி பழகிய கரடி அடுத்த வாரம் சமையலறைக் கதவைத் தள்ளும். மக்குவது, மக்காதது என்று பிரித்து உள்ளேயே வைத்து, விசில் கேட்டதும் கொடுங்கள். முடியாத நாளில் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (கூடலூர்): என் வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா?

பதில்: டி.என். 43 எண் என்றால் வேண்டாம். வேறு எண் என்றால் கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர் இல்லை. இப்போது ஏழு வயது.

பதில்: முதல் ஒரு வருஷம் இலவசம், 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒருமுறை பதிந்தால் மாற்றுவது கஷ்டம், இனிஷியலையும் எழுத்தையும் பள்ளிச் சான்றோடு ஒத்துப் பாருங்கள்.

கேள்வி (ஊட்டி): அரையாண்டு வரி கடைசித் தேதி?

பதில்: இதே கேள்வி மூன்றாவது முறை. மேலே பாருங்கள். வரியைத் தாமதமாகக் கட்டினால் வட்டியோடு முடிந்துவிடும், சுவர் அப்படி இல்லை. சுவர் பற்றிக் கேளுங்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மேல் வீட்டுக்காரர்): சரி ஐயா. நேற்று அந்த அம்மா சுவரை நானே போய்ப் பார்த்தேன். பைப்பை எங்கே திருப்ப வேண்டும், சொல்லுங்கள்.

பதில்: உங்கள் வேலியை ஒட்டித் தெருவோரக் கால்வாய் இருக்கிறதென்றால் அதுவரை கொண்டுபோங்கள். நாலு அங்குல பி.வி.சி. போதும். மூன்றடிக்கு ஒரு இடத்தில் கிளாம்ப் வைத்துச் சுவரிலோ கம்பத்திலோ இறுக்குங்கள், மண்ணில் சும்மா கிடத்த வேண்டாம். குழாயின் வாய் கால்வாய்க் கல்லின் மேல் விழ வேண்டும்; ஒரு சாண் முன்னால் மண்ணில் விழுந்தாலும் அங்கே குழி பறித்துவிடும். வேலையை முடிப்பதற்கு முன் ஒரு குடம் தண்ணீரைக் கூரையில் ஊற்றி, ஒவ்வொரு குழாய் இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். அந்த அம்மாவையும் கூப்பிட்டுக் கீழே நிற்கச் சொல்லுங்கள். சுவரில் ஈரம் வருகிறதா என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.