நர்சரில கவர்ல வளக்கிற செடிக்கு யூரியா போட்டும் மஞ்சளாவே இருக்கு, கவருக்கு அடியில தரை பூரா பச்சைப் பாசி, உரத்த இன்னும் கூட்டணுமா?

கூட்டாதீங்க. இலை மஞ்சளா இருக்குங்கிறீங்க, கவருக்கு அடியில தரை பூரா பச்சைப் பாசிங்கிறீங்க, ரெண்டையும் சேத்துப் பாத்தா உரம் செடிக்குப் போகாம தரைக்குத்தான் போகுது.

யூரியால 46% நைட்ரஜன் இருக்கு, ஆனா கவர்ல நெரப்பியிருக்கிற கலவைக்குள்ள அது அமோனியமாகி அப்புறம் பாக்டீரியா வேலையால நைட்ரேட்டா மாறிடும். அமோனியத்துக்கு பாசிட்டிவ் சார்ஜ், கலவைல இருக்கிற கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) ஓரளவு பிடிச்சு வெச்சுக்கும், நைட்ரேட்டு நெகட்டிவ், அதப் பிடிச்சு வெக்க அங்க ஆளே இல்ல, தண்ணி போற வழியிலயே கெளம்பிடும். நெலத்துலயாவது வேர் ஆழமாப் போய் கொஞ்சம் பிடிக்கும், கவர்ல ஓட்டையத் தாண்டினா போச்சு.

எவ்வளவு போகுதுன்னு அளந்துடுங்க. ஒரு கவர ரெண்டு குச்சி மேல தூக்கி வெச்சு அடியில டப்பா வைங்க, வழக்கமா ஊத்துற தண்ணிய அளந்து ஊத்துங்க. 1 லிட்டருக்கு 400 மில்லி வெளிய வந்தா 40% வீணாப் போகுது. 10-லேருந்து 20 சதவீதம் வழிஞ்சா போதும். தண்ணி உப்பா இருந்தா மட்டும் கொஞ்சம் கூட வழிய விடணும், இல்லன்னா உப்பு தேங்கி வேர் கருகிடும்.

அப்புறம் ஒரே தடவையா கொட்டாம அதே தண்ணிய மூணாப் பிரிச்சு ஒரு மணி நேரம் இடைவெளி விட்டு விடுங்க, கலவை நின்னு நிதானமா உறிஞ்சும். இது ஒண்ணுலயே பாதி பிரச்சனை தீரும்னு நான் நெனைக்கிறேன்.

மெதுவாக் கரையிற கோட்டிங் உரம் நல்லதுதான், ஆனா பாக்கெட்ல போட்டிருக்கிற மாசக் கணக்கு பெரும்பாலும் 21 டிகிரி சூட்டுக்கு, வெயில்ல கலவை கொதிச்சா அதுக்கு ரொம்ப முன்னாடியே தீந்துடும். தண்ணில கரைச்சு ஊத்துறதா இருந்தா 20-20-20 உரம் (முதல் 20-ங்கிறது நைட்ரஜன் சதவீதம்) லிட்டருக்கு 1 கிராம் போட்டாலே 200 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 200 மில்லிகிராம் நைட்ரஜன், ஊத்தின கையோட ஸ்பிரிங்க்ளரப் போட்டு கழுவி விட்டுடாதீங்க.

பக்கத்துல குடிக்கிற கிணறு, போர் இருந்தா தண்ணிய டெஸ்ட் பண்ணிடுங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட், கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். கொதிக்க வெச்சா போகாது, தண்ணி சுண்டி இன்னும் கூடத்தான் செய்யும்.

ஆமா, மஞ்சள் எந்த இலைல ஆரம்பிக்குது? அடி இலைன்னா மேல சொன்னதெல்லாம் பொருந்தும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா பெரும்பாலும் இரும்புச்சத்துக் கொறை, கலவையோட பிஎச்ச (அமில-கார அளவ) பாருங்க.