யூத வீடுகளில் எந்தச் செலவை அவசியம் என்கிறார்கள், எதை வீண் என்கிறார்கள்? ஒரே வீட்டில் ஆறு வருடம் இருந்தவள் சொல்வது

கேள்வி: "யூதர்கள் பணத்தில் ரொம்பக் கணக்கு என்கிறார்களே. அவர்கள் வீட்டில் எந்தச் செலவுக்குக் கை தாராளமாக நீளும், எதற்கு நீளாது?"

ஒரு இனத்துக்கே முத்திரை குத்தும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பார்த்தது ஒரு வீடு, அதோடு ஒட்டி இன்னொரு வீடு. 2017 முதல் 2023 தொடக்கம் வரை இஸ்ரேலில் ராமத் கான் நகரத்தில் ஒரு பாட்டியம்மாவைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். அந்த வேலைக்கு அங்கே மெட்டபெலெத் என்று பெயர். எங்கள் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் நிறைய பேர் இதற்குப் போகிறோம்.

சவ்தா என்றால் ஹீப்ருவில் பாட்டி. வீட்டில் எல்லாரும் கூப்பிட்டது போல நானும் சவ்தா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை 'ஐனி' என்பார். அரபியில் 'என் கண்ணே'. அவர் பாக்தாத்காரி. 1950, 51ஆம் வருடங்களில் ஈராக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் விமானத்தில் ஏறி வந்தார்கள். வீடு, கடை, நகை எல்லாம் அங்கேயே போயிற்று. வந்து இறங்கிய இடத்தில் கூடாரமும் ரேஷன் அட்டையும். சவ்தா பத்தொன்பது வயதில் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அந்த ரேஷன் காலத்துக் கை கடைசி வரை மாறவில்லை.

மாறவில்லை என்று சொன்னேனே, அதில்தான் எனக்கு முதலில் குழப்பம். வெந்நீர் பாய்லர் சுவிட்சை நான் இருபது நிமிடத்துக்கு மேல் போட்டு வைத்தால் சத்தம் போடுவார். மொட்டை மாடியில் சூரிய ஹீட்டர் இருக்கிறது (1980லிருந்து அங்கே புது வீடுகளுக்குச் சட்டப்படி கட்டாயம்), அப்புறம் எதற்கு மின்சாரம் என்பார். தயிர் டப்பாவைக் கழுவி அடுக்கி வைப்பார். தக்காளி விலை இறங்க மூன்று நாள் காத்திருப்பார். அதே மனுஷி வியாழக்கிழமை காலை என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய், விலை கேட்காமலே நல்ல மீனாகப் பார்த்து வெட்டச் சொல்வார். வெள்ளி மதியம் சந்தை மூடும் நேரத்தில் போனால் எல்லாமே பாதி விலைக்குத் தள்ளுவார்களே என்றேன் ஒருமுறை. "ஷப்பாத்துக்குக் கழித்ததா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. (ஷப்பாத் என்பது வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை அவர்களின் புனித ஓய்வு நாள்.)

முதல் வாரமே திட்டு வாங்கியதும் இதனால்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பிஞ்சு வெள்ளரிக்காய் நாலு இருந்தது. எடுத்து அரிந்து சாலட் போட்டுவிட்டேன். சவ்தா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேல்தட்டு ஷப்பாத்துக்கு என்றார். கீழ்த்தட்டில் அதே வெள்ளரி கொஞ்சம் வதங்கிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமைக்காரர்களான எங்களுக்கு அதுதான்.

பல மாதம் கழித்து அவர் மகன் விளக்கினார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஷம்மாய் என்று ஒரு குரு இருந்தாராம். வாரத்தில் எந்த நாளில் நல்ல ஆடு மாடு கண்ணில் பட்டாலும் இது ஷப்பாத்துக்கு என்று ஒதுக்கி வைப்பார். அதைவிட நல்லது கிடைத்தால் புதியதை ஒதுக்கிவிட்டு முதலாவதைச் சாப்பிடுவார். அவர் காலத்திலேயே இருந்த ஹில்லெல் என்ற குருவோ, அன்றன்றைக்கு ஆண்டவன் தருவான் என்று இருப்பாராம். யூதச் சட்டமும் விவாதமும் அடங்கிய பழைய நூலான தல்மூதில் இரண்டு பேர் கதையும் அடுத்தடுத்து இருக்கிறது. எங்கள் வீடு ஷம்மாய் கட்சி. நான் ஹில்லெல் கட்சி. நல்ல மாம்பழம் கிடைத்தால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

அதே இடத்தில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் கேள்விக்கு நேர் பதில் அதுதான். ஒருவனுக்கு அந்த வருடம் எவ்வளவு வரும்படி என்பது ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் என்ற இரண்டு பண்டிகைகளுக்கு நடுவில் மேலே எழுதப்பட்டுவிடுமாம். ஷப்பாத், பண்டிகைகள், பிள்ளைகளின் வேதப்படிப்பு ஆகியவற்றுக்குச் செய்யும் செலவு மட்டும் அந்தக் கணக்கில் வராது. அதில் கூடப் போட்டால் கூட வரும், குறைத்தால் குறைந்தே வரும். சவ்தா தல்மூது படித்தவர் இல்லை. ஆனால் வீட்டை நடத்தியது அப்படித்தான். அவர் கையில் இரண்டு பணப்பை இருந்தது போல: ஒன்றை விரல் வலிக்க இழுத்துக் கட்டியிருப்பார், மற்றது எப்போதும் திறந்தே இருக்கும்.

வியாழக்கிழமை ராத்திரி என்ன தெரியுமா? கிச்சிரி. அரிசியும் சிவப்புப் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே வெண்ணெய், தொட்டுக்கொள்ளத் தயிர். ஈராக் யூதர்களின் வியாழக்கிழமைச் சாப்பாடே அதுதான். நம் கிச்சடியின் சித்தி மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கோழியும் மீனும் வரப்போவதால் அன்றைக்கு வயிற்றையும் பையையும் லேசாக வைப்பது. (அவர்கள் சனிக்கிழமை கத்தரிக்காய், முட்டையோடு ஊற்றிச் சாப்பிடும் அம்பா என்ற மாங்காய்த் தொக்கும் பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாகப் போனதாகச் சொல்வார்கள். முதல் நாள் அதை மோந்து பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் வாசம்.)

இதைக் கேட்டுவிட்டு, கடன் வாங்கியாவது கொண்டாடுவார்கள் போல என்று நினைக்க வேண்டாம். கடன் வாங்கு, நான் அடைக்கிறேன் என்று கடவுளே சொல்வதாக ஒரு வாக்கு இருப்பது உண்மை. ஆனால் ரப்பி அகிவா என்ற பழைய மதகுரு சொன்னதும் இருக்கிறது: ஷப்பாத்தை வாரநாள் போல ஆக்கினாலும் ஆக்கிக்கொள், அடுத்தவன் கையை எதிர்பார்க்காதே. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதில்தான் ஒவ்வொரு வீட்டின் சண்டையும். எனக்கு ரொம்பப் பிடித்தது ஹனுக்கா என்ற விளக்கேற்றும் பண்டிகை பற்றிய விதி. கையில் ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டு விளக்கா, ஹனுக்கா விளக்கா? வீட்டு விளக்குத்தான், வீட்டில் நிம்மதி இருக்க வேண்டும் என்பதற்காக. சரி, ஹனுக்கா விளக்கா, ஷப்பாத் திராட்சை ரசமா என்றால் விளக்கு. இவ்வளவு துல்லியமாக வரிசை போட்டு வைத்தவர்களுக்கு உண்மையிலேயே காசு இல்லாமல் இருந்திருக்க வேண்டும். இருட்டில் தடுக்கி விழும் வீட்டில் என்ன புனிதம் என்று யோசித்திருக்கிறார்கள்.

பாத்திரத்துக்கு வருகிறேன். கோஷர் வீட்டில், அதாவது யூத உணவு விதிப்படி இறைச்சியையும் பாலையும் கலக்காத வீட்டில், இறைச்சிக்குத் தனி, பாலுக்குத் தனி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெசாக் பண்டிகையின்போது புளித்த மாவு படாத பாத்திரம் வேண்டும், ஆகவே அதற்கும் இரண்டு. நாலு செட். பக்கத்து ஊரான ப்னே ப்ராக்கில் இருந்த பேத்தி வீட்டில் அப்படியே நாலு செட், பரணில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக. அவள் கணவன் வீட்டார் ஐரோப்பிய வழி. சவ்தா வழியில் கண்ணாடி எதையும் உறிஞ்சாது, கழுவினால் போதும் என்பது சட்டம். பாக்தாதிலேயே பிறந்த பெரிய ரப்பியான ராவ் ஓவாதியா யோசேஃப் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அதனால் சவ்தா வீட்டில் சட்டி, கரண்டி மட்டும் தனித்தனி. தட்டு முழுக்கக் கண்ணாடி, ஒரே செட், வருடம் முழுக்க. பீங்கான் வாங்கவே மாட்டார். தப்பு நடந்தால் உலோகத்தைக் கொதிநீரில் போட்டுச் சரி செய்யலாம், பீங்கானைத் தூக்கித்தான் போட வேண்டும். மதச் சட்டமும் சிக்கனமும் ஒன்றாகக் கைகோத்துக்கொண்டு போகும் இடம் இது.

தப்பு செய்தது நான்தான். இரண்டாவது மாதம், பால் கஞ்சியை இறைச்சிக் கரண்டியால் கிளறிவிட்டேன். சவ்தா கத்தவில்லை. உட்கார்ந்து ரப்பிக்குப் போன் போட்டார். ரப்பி கேட்ட முதல் கேள்வி, அந்தக் கரண்டி சூடான இறைச்சியில் கடைசியாக எப்போது பட்டது? இரண்டு நாள் முன்பு. அப்படியானால் கஞ்சியைச் சாப்பிடலாம், சட்டிக்கும் ஒன்றும் இல்லை, கரண்டியை மட்டும் கொதிக்க வையுங்கள் என்றார். இப்படிப்பட்ட கேள்விகளில் பெரிய நஷ்டம் வருமா என்று பார்த்து, வந்தால் இளக்கமான பக்கத்தை எடுக்க ரப்பிகளுக்கு இடம் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். 'தோரா இஸ்ரவேலரின் பணத்தின் மேல் இரக்கம் கொண்டது' என்று தல்மூதிலேயே ஒரு வாசகம் இருக்கிறது (தோரா என்றால் அவர்கள் வேதம்). அடுப்படியில் நடுங்கிக்கொண்டு நின்ற எனக்கு அன்று அதைவிட நல்ல வசனம் கிடையாது.

பேத்திக்கும் பாட்டிக்கும் பெரிய தகராறு பிளாஸ்டிக் தட்டு விஷயத்தில். பேத்திக்கு ஏழு பிள்ளைகள். ஷப்பாத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, விருந்தாளி வேறு. பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி இல்லாமல் அவளால் முடியாது. 2021 நவம்பரில் அரசாங்கம் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்குக் கிலோவுக்கு 11 ஷேக்கல் வரி போட்டது. தங்களைப் போன்ற பெரிய குடும்பங்களைக் குறிவைத்துப் போட்டது என்று ப்னே ப்ராக்கில் ஒரே கொதிப்பு. ஆட்சி மாறியதும் வரியை எடுத்துவிட்டார்கள். சவ்தாவுக்கோ வரி போட்டதில் பரம சந்தோஷம். தின்றுவிட்டுத் தூக்கிப்போடுவதற்குக் காசா என்பார். பாத்திரம் தேய்த்தவள் நான் என்பதால் என் ஓட்டு பேத்திக்குத்தான். அதை வெளியே சொன்னதில்லை.

ஆனால் கோழி விஷயத்தில் சவ்தா செய்ததை யோசித்துப் பாருங்கள். சாதாரண ரப்பி சபை முத்திரை உள்ள கோழியே அவருக்குப் போதும். அதைவிடக் கறாரான முத்திரை உள்ளதற்கு விலை கூட, ருசி ஒன்றுதான், முத்திரைக்குத்தான் காசு என்று முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே கூடின விலைக் கோழியைத்தான் வாங்குவார். ஏனென்றால் பேத்தி வீட்டார் மற்றதைத் தொட மாட்டார்கள். கொள்ளுப்பேரப் பிள்ளைகள் தன் வீட்டில் கை நனைக்க வேண்டும், அவ்வளவுதான். கறாரான முத்திரை வீண்செலவா இல்லையா என்று என்னைக் கேட்டால், அவர் தனியாகச் சாப்பிட்டால் வீண், பிள்ளைகள் வந்தால் வீண் இல்லை என்பேன்.

மூத்த கொள்ளுப்பேரனுக்குப் பதிமூன்று வயது வந்தபோது நடந்தது இன்னொன்று. பையன் மதப் பொறுப்பு ஏற்கும் சடங்கான பார் மிட்ஸ்வாவுக்கு மண்டபம் பிடிப்பதா என்று பேச்சு. சவ்தா ஓய்வூதியம் ஒவ்வொரு மாதமும் 28ஆம் தேதி வரும். வந்ததும் பத்தில் ஒன்றைத் தர்மத்துக்கு எடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்து வந்திருக்கிறார், எனக்கே தெரியாமல். அந்தப் பணம் மண்டபத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார், தெஃபிலினுக்கு. தெஃபிலின் என்பது ஆண்கள் காலைப் பிரார்த்தனையில் கையிலும் நெற்றியிலும் கட்டும் தோல் பெட்டி. உள்ளே தோல் சுருளில் கையால் எழுதின வசனங்கள். மலிவானது மெல்லிய தோலில் வரும், சில வருடத்தில் பெட்டி மூலை மழுங்கும். நல்லது மாட்டின் கனத்த தோல், பல ஆயிரம் ஷேக்கல். "மண்டபம் ஒரு ராத்திரி, இதை அவன் எழுபது வயது வரை கட்டுவான், ஷப்பாத் தவிர ஒவ்வொரு காலையும். நீயே வகுத்துப் பார் ஐனி" என்றார். விருந்து வீட்டுக் கீழே முற்றத்தில் நடந்தது. சமைத்ததில் பாதி நான்.

எத்ரோக் பற்றியும் ஒரு வரி. சுக்கோத் பண்டிகைக்குக் கையில் பிடித்துப் பிரார்த்திக்கும் எலுமிச்சை ஜாதிப் பழம், நம் நார்த்தங்காய்க்கு உறவு. நுனியில் உள்ள சின்னக் காம்பு உடையாமல், மறு இல்லாமல் இருந்தால் யானை விலை சொல்வார்கள். அழகுக்காகக் கூடக் கொடுப்பது மூன்றில் ஒரு பங்கு வரை என்று தல்மூது வரம்பு போட்டிருக்கிறது. மகன் ஒரு வருடம் அந்த வரம்பைத் தாண்டி வாங்கி வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பண்டிகை முடிந்ததும் நான் அதை உப்புப் போட்டு ஊறவைத்தேன். தோல் தடிமன், சாறே இல்லை, ஆனால் ஊறுகாய்க்குப் பரவாயில்லை.

கடைசியாக என் சொந்தச் செலவு ஒன்று. முதல் வருடம் எருசலேமுக்கு ஞாயிறு பூசைக்குப் போனபோது பழைய நகரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு மெசூசா கூடு வாங்கினேன், 60 ஷேக்கல். யூத வீட்டு நிலைக்கால்களில் பதிப்பார்களே, அது. சவ்தாவுக்குப் பரிசு. அவர் திறந்து பார்த்தார். உள்ளே அச்சடித்த காகிதம். ஒன்றும் சொல்லாமல் என் கன்னத்தைத் தட்டினார். அது செல்லாது என்பது எனக்கு அப்போது தெரியாது. தோலில் இறகுப் பேனாவால் எழுத்தர் ஒருவர் எழுதிய சுருள் வேண்டும், 713 எழுத்தும் பழுதில்லாமல். கூடு எதுவாக இருந்தாலும் சரி. அவர் வீட்டு வாசல்களில் இருந்தவை எல்லாம் சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக் கூடுதான்.

அந்த வாரம் மகன் வந்து எல்லா மெசூசாவையும் கழற்றி எழுத்தரிடம் சரிபார்க்கக் கொண்டு போனார், ஏழு வருடத்தில் இரண்டு முறை செய்ய வேண்டியது. ஒன்றில் எழுத்து உதிர்ந்திருந்தது, நான் படுத்த அறையின் வாசலில் இருந்தது. புதுச் சுருள் வாங்கினார்கள், என் கூட்டைப் போல நாலு மடங்கு விலை. என் வெள்ளி நிறக் கூட்டிலேயே அதை வைத்து, அதே வாசலில் நேராக நிறுத்திப் பதித்தார்கள். அந்த வீட்டில் பளபளவென்று இருந்த கூடு அது ஒன்றுதான்.