ஓடுதளத்துக்கு முன்னால் ஆள் நிற்கும் கோட்டைப் போடுங்கள்

கேள்வி: எங்கள் ஆர்சி (ரேடியோ ரிமோட்டில் பறக்கும் சிறிய மாதிரி) விமான கிளப்பில் 20 பேர் இருக்கிறோம். சுமார் 5 ஏக்கர் தரிசு நிலம் குத்தகைக்குப் பேசி வைத்திருக்கிறோம். கிழக்கு மேற்காக 250 மீட்டர், தெற்கு வடக்காக 80 மீட்டர். தெற்கே பாதை, வடக்கே வயல்கள், மேற்குக் கோடியில் உயரமான மரங்கள். நடுவில் தார் ஓடுதளம் போடலாம் என்று பாதிப் பேரும், புல்லே போதும் என்று மீதிப் பேரும் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தாரா, புல்லா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 'நடுவில்' என்ற முடிவைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். சாதாரண விமானம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். நடுவிலிருந்து வடக்கு எல்லை 40 மீட்டர். இரண்டு நொடிகூட ஆகாது. அப்படியென்றால் நீங்கள் பெரும்பாலும் பறக்கவிடப் போவது வயல்களுக்கு மேல். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வயல்காரர்களிடம் பேசுங்கள். அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் அந்தப் பக்கம் பறக்கவிட மாட்டோம், விமானம் விழுந்தால் வரப்பு வழியாக ஒருவர் மட்டும் போய் எடுப்போம், பயிர் சேதமானால் ஈடு கொடுப்போம் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் அனுமதி கேட்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். பல நாடுகளில் தரையிலிருந்து 120 மீட்டர்தான் பொதுவான உயர வரம்பு. அருகில் விமான நிலையம் இருந்தால் அதுவும் கிடைக்காமல் போகலாம்.

சரி, இப்போது கயிறும் முளைக்குச்சிகளும் எடுத்துக்கொண்டு தெற்குப் பாதையிலிருந்து அளந்து வாருங்கள். வண்டிகளுக்கு 15 மீட்டர், பார்வையாளர்களுக்கு 15, வேலியோடு விமானங்களைத் தயார் செய்யும் பிட்டுக்கு 10, அதிலிருந்து 5 மீட்டர் தள்ளிப் பைலட்டுகள் நிற்கும் கோடு. அதற்கும் 8 மீட்டர் வடக்கே ஓடுதளத்தின் ஓரம். ஓடுதளம் 12 மீட்டர் அகலம் என்றால் மொத்தம் 65 மீட்டர் ஆகிவிடும். எல்லாப் பைலட்டும் அந்த ஒரே கோட்டில் வடக்கு பார்த்து நிற்க வேண்டும். விமானம் யாருடைய முதுகுக்குப் பின்னாலும் போகக்கூடாது. வட கோளத்தில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே இருப்பதால் கண் கூசாது. தென் கோளத்தில் இருந்தால் இதையே தலைகீழாக யோசியுங்கள். ஒவ்வொரு பைலட்டுக்கும் முன்னால் தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை ஒரு வலை கட்டுங்கள். தரையில் ஓடும்போது தடம் மாறும் விமானம் நேராகக் காலுக்குத்தான் வரும்.

மேற்கே நிற்கும் மரங்கள்தான் எனக்குக் கவலை. மரங்களைத் தாண்டி வரும் காற்று, அவற்றின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரைகூடச் சுழன்றுகொண்டே வரும். 12 மீட்டர் மரம் என்றால் 120 மீட்டர். லேண்டிங்குக்காக வேகத்தைக் குறைத்த விமானம் அந்தச் சுழலில் சிக்கினால் ஒரு பக்க இறக்கை சட்டென்று சரியும். முழு 120 மீட்டரும் விலகினால் கிழக்கே இடம் போதாது. ஆகவே 120 மீட்டர் நீள ஓடுதளத்தை மரங்களிலிருந்து 90 மீட்டராவது தள்ளித் தொடங்குங்கள். கிழக்கே 40 மீட்டர் மிஞ்சும். ஆள் உயரக் குச்சியில் ரிப்பன் கட்டி ஒரு மாதம் காற்றைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் வடக்கு தெற்காக வீசினால், குறுக்கே இன்னொரு ஓடுதளம் போடும் ஆசை வரும். வேண்டாம், அதன் ஒரு முனை பிட்டை நோக்கி இருக்கும். அதற்குப் பதில் இருக்கும் ஓடுதளத்தை வடக்குப் பக்கம் 20 மீட்டராக அகலப்படுத்துங்கள். சற்றுச் சாய்வாக இறங்க இடம் கிடைக்கும்.

தளத்துக்குப் புல்லே போதும். தார் தேவைப்படுவது டர்பைன் ஜெட்டுக்கும் மிகச் சிறிய சக்கரங்களுக்கும்தான். குத்தகை முடிந்தால் தாரைச் சுருட்டி எடுத்துப் போக முடியாது. நடுவை உயர்த்தி, ஓரங்களை நோக்கி மீட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் சரிவு கொடுங்கள். ரோலர் ஓட்டும் நேரம் முக்கியம். மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் கசியக்கூடாது. அதுதான் சரியான பதம். அதைவிட ஈரமாக இருந்தால் ரோலர் பள்ளம் பறிக்கும், காய்ந்திருந்தால் ஒன்றும் அமுங்காது. புல்லை 3 சென்டிமீட்டருக்குள் வைத்திருங்கள்.

ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்மேல் விரிக்கும் உறுதியான செயற்கை இழைத் துணி) விரிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். விரிக்கலாம், ஆனால் ஓரத்தை ஒரு சாண் ஆழம் மண்ணில் புதைக்க வேண்டும். நாங்கள் ஆணி மட்டும் அடித்து விட்டுவிட்டோம். மூன்றாம் மாதம் காற்றில் ஓரம் கிளம்பி, இறங்கி ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் முன்சக்கரத்தைக் கவ்விப் பிடித்தது. லேண்டிங் கியர் அடிப்பலகையோடு பிய்ந்து வந்துவிட்டது.

லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சார்ஜ் செய்யும் மேசையைப் புல்லிலிருந்து விலக்கி, கற்கள் பாவிய இடத்தில் வையுங்கள். பக்கத்தில் மணல் வாளி இருக்கட்டும். நொறுங்கி விழுந்த விமானத்தின் பேட்டரியை உடனே வண்டிக்குள் வைக்காதீர்கள், அது பிறகும் தீப்பிடிக்கும். ப்ரொப்பெல்லர் விரலைக் கிழிக்கும் என்பதால் முதலுதவிப் பெட்டியும், ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய வழியை எழுதிய பலகையும் பிட்டிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம், ரோலரை வரவழைப்பதற்கு முன் முளைக்குச்சிகளுக்கு நடுவே புல்லை மட்டும் வெட்டிவிட்டு, நான்கு வார இறுதிகள் லேசான ஃபோம் விமானங்களை மட்டும் பறக்கவிட்டுப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் விமானம் பார்வையாளர் பக்கம் வருகிறது, எந்த இடத்தில் காற்று அதை ஆட வைக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப முளைகளை நகர்த்துங்கள்.