அம்மாவுக்குள் குதிரை எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக ஷென்ஜென் போகவேண்டியிருக்கும் என்பதால் சீனம் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 'அம்மா' என்ற எழுத்தில் பெண்ணும் குதிரையும் இருக்கின்றன. அம்மா குதிரை மாதிரி உழைப்பவள், அதனால்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வகுப்பில் கேட்டால் குதிரை வெறும் ஒலிக்குறிப்பு என்கிறார்கள். அதை நம்பி மற்ற எழுத்துகளைப் படித்தால் பாதி தப்பாகிறது. 'வேலை' என்ற எழுத்து கோங். அதோடு நீர் சேர்ந்தால் 'ஆறு', ஆனால் படிப்பது ஜியாங். இந்த ஒலிக்குறிப்பை நம்பலாமா, கூடாதா?

பி.கு.: பழைய எழுத்தா, எளிதாக்கப்பட்டதா, எதைப் படிப்பது?

ர., கோவை

அன்புள்ள ர.,

வகுப்பில் சொன்னதுதான் சரி. குதிரைக்குச் சீனத்தில் 'மா'. பெண் பொருளைக் காட்டுகிறது, குதிரை ஒலியைக் காட்டுகிறது. வாக்கியக் கடைசியில் கேள்விக்காக வரும் 'மா'வில் வாயும் குதிரையும் இருக்கும். எறும்பில் பூச்சியும் குதிரையும். திட்டுவதற்கான எழுத்தில் இரண்டு வாய்களுக்குக் கீழே குதிரை. எறும்பும் குதிரை மாதிரி உழைக்கிறது என்று அந்த வீடியோக்காரர் சமாளித்துவிடலாம், கேள்விக்கு என்ன சொல்வார்? சீன எழுத்துகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இப்படிப் பொருள் ஒரு பாதி, ஒலி ஒரு பாதியாகக் கட்டப்பட்டவை. சித்திர எழுத்து என்ற பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் ஆறு. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்பவர் 9,353 எழுத்துகளை அலசி ஓர் அகராதியை முடித்தார். பொருளும் ஒலியும் சேர்ந்த எழுத்து எப்படி இருக்கும் என்பதற்கு அதில் அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று, நீங்கள் தடுக்கி விழுந்த இதே ஜியாங்! பழைய சீனத்தில் அது 'க'வில்தான் தொடங்கியது. பின்னால் வடக்கே, 'இ' சாயல் சேர்ந்த இடங்களில் எல்லாம் 'க' தேய்ந்து 'ஜ' ஆனது. பழைய பத்திரிகைகளில் 'பீகிங்' என்று படித்திருப்பீர்கள், இன்று பெய்ஜிங். அதிலும் இதே கதைதான். கொரியர்கள் ஆற்றுக்கான இந்தச் சொல்லை முன்பே கடன் வாங்கிக்கொண்டதால் அவர்களிடம் 'க' தப்பித்தது. சோல் நகரத்தின் நடுவே ஓடும் ஹான் ஆற்றை அவர்கள் ஹான்காங் என்பார்கள். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். ஷென்ஜென்னிலிருந்து எல்லை தாண்டி ஹாங்காங் போனால், கண்டோனீஸில் அந்த எழுத்தைக் கோங் என்றே படிப்பார்கள்.

வேலை குடும்பத்தில் இன்னும் ஆட்கள் உண்டு. குகைக் கூரைக்கு அடியில் வேலை வந்தால் 'காலி', கோங். பட்டு நூலோடு வந்தால் 'சிவப்பு', ஹோங். வேலையும் கோங், காலியும் கோங் என்று எழுதுகிறேனே, சீனத்தில் இரண்டும் ஒன்றல்ல. காலியின் 'க'வில் மூச்சு பலமாக வரும். தமிழில் அதைக் காட்ட வழியில்லை. கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, அகத்தில் கிட்டத்தட்ட 'ஹ' என்று ஒரே 'க'வை நாம் குழப்பமில்லாமல் படிக்கிறோம் இல்லையா, சீன ஒலிக்குறிப்பும் ஏறக்குறைய அந்த ரகம்தான். வாயில் பிறக்கும் இடத்தைச் சொல்லும், மிச்சத்தை உங்களிடம் விட்டுவிடும். தொனியை, அதாவது சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதத்தை, மட்டும் அதை நம்பி முடிவுசெய்யாதீர்கள். குதிரையின் தொனி வேறு, அம்மாவின் தொனி வேறு.

'கேள்' என்ற எழுத்தையும் பாருங்கள். வாசலுக்குள் ஒரு வாய். வாசலில் நின்று விசாரிக்கிறார்கள் என்று யாராவது நிச்சயம் கதை சொல்லியிருப்பார்கள். உண்மையில் வாய் பொருள், வாசல் ஒலி. வாசல் 'மென்', கேட்பது 'வென்'. மவும் வவும் உதட்டில் பிறக்கிறவை. வாய்க்குப் பதில் காது வைத்தால் 'காதில் விழுவது', அதுவும் வென்தான். ஒலி எப்போதும் வலப்பக்கம் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தால் அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

நம்பலாமா என்றால், என் அபிப்பிராயம் இது. இந்த ஏற்பாடு மொழி தெரிந்தவர்களுக்காக உண்டானது. பேச்சில் 'ஹோங்' என்றால் சிவப்பு என்று தெரிந்த ஒரு சீனக் குழந்தைக்கு, பட்டு நூலும் கோங்கும் சேர்ந்தாலே போதும், பிடித்துக்கொள்ளும். சொல்லே தெரியாத நமக்கு அது பாதி விடைதான். அதனால் முதலில் காதால் சொற்களைச் சேருங்கள், எழுத்து பின்னால் வரட்டும். சீனர்களே தெரியாத எழுத்தில் வழுக்கி விழுவதுண்டு. படிப்பாளி பாதி எழுத்தைப் படிப்பான் என்று அவர்களிடமே ஒரு கேலி இருக்கிறது.

ஒலிக்குறிப்பு கச்சிதமாக வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் வேதியியலுக்குப் போங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஷாங்காயின் ஜியாங்னான் ஆயுதச்சாலையில் ஷூ ஷோவும் ஆங்கிலேயர் ஜான் ஃபிரையரும் வேதியியல் நூல்களை மொழிபெயர்த்தபோது தனிமங்களுக்குப் பெயர் வைக்கக் கையாண்ட வழி இதுதான். கால்சியம் 'காய்': உலோகத்தின் பக்கத்தில் பிச்சைக்காரர், அவருக்கும் 'காய்'தான். ஆக்சிஜனில் வாயுவுக்குள் ஓர் ஆடு. 2017இல் டென்னசின் தனிமத்துக்குக் கல்லும் வயலும் சேர்த்துப் புது எழுத்து கொடுத்தார்கள். வயல் 'தியென்', தனிமமும் தியென். ஒலி தேய இன்னும் காலம் ஆகவில்லை.

தொடக்கத்தில் படிக்கும் எழுத்துகளில் இந்த உதவி குறைவு, ஏனென்றால் அதிகம் புழங்கும் எழுத்துகள்தான் ரொம்பப் பழையவை, ரொம்பக் கோணல். சில நூறு எழுத்துகள் கைவந்தபின் குடும்பம் குடும்பமாக எழுதிப் பாருங்கள். பச்சை நீலத்துக்கான 'சிங்'கில் தொடங்கலாம். நீரோடு தெளிவு, சூரியனோடு வெயில் அடிக்கும் வானம், பேச்சோடு 'தயவுசெய்து', மனத்தோடு உணர்வு; எல்லாம் சிங், தொனி மட்டும் மாறும். கண்ணோடு சேர்ந்தால் 'ஜிங்' ஆகி, விழி.

பி.கு.வுக்குப் பதில்: ஷென்ஜென் என்றால் எளிதாக்கப்பட்டதே போதும். சீன அரசு எழுத்துகளை எளிதாக்கிய 1956 திட்டத்தில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. கடிகாரத்துக்கு 'ஜோங்'. அதில் இருந்த சிக்கலான ஒலிப்பகுதி போய், 'நடு' என்ற எளிய எழுத்து வந்தது. அதுவும் ஜோங் என்பதால் நமக்கு வசதி. கோழிக்கு 'ஜி'. அதன் ஒலிப்பகுதியை எடுத்துவிட்டு 'மறுபடியும்' என்ற எழுத்தை ஒட்டிவிட்டார்கள், அதன் ஒலி 'யோ'. கோழியை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.